களியக்காவிளை பக்கம் எஸ்ஓஎம் டியூஷன் போகலாமா? நான் போன கிளாஸ் பத்தி விவரமா

மார்த்தாண்டத்துல இருந்து பாறசாலை வரைக்கும் எந்த பஸ்ல ஏறுனாலும் காலேஜ் ஐடி கார்டு தொங்கவிட்ட பிள்ளைங்க இருப்பாங்க, அதுல செகண்ட் இயர் சிவில், மெக்கானிக்கல் காரங்க கேக்குறது எல்லாம் ஒரே கேள்விதான், ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸுக்கு (எஸ்ஓஎம், லோடு வந்தா கம்பி, பீம் எல்லாம் எவ்ளோ தாங்கும், எவ்ளோ வளையும்னு பாக்குற பாடம்) டியூஷன் எங்க போறது. நான் களியக்காவிளை பக்கத்துல ஒரு சாருக்க வீட்டு மாடியில நடக்குற கிளாஸுக்கு ஒரு செமஸ்டர் முழுக்க போனேன். சார் பாலிடெக்னிக்ல பாடம் எடுத்து ரிட்டயர் ஆனவரு, வாசல்ல போர்டு கெடயாது, விளம்பரமும் கெடயாது, பேரு போடுறது அவருக்கு பிடிக்காது அதனால நானும் போடல. கிளாஸ் எப்படி, யாருக்கு சரிவரும், யாருக்கு வராது, குடுக்குற காசுக்கு ஒக்குமா, இதைத்தான் எழுதுறேன்.

எனக்கு ரொம்ப பிடிச்ச கிளாஸ். ஆனா பரீட்சைக்கு முந்தின வாரம் போய் ஃபார்முலா ஷீட்டு ஒண்ணு வாங்கிட்டு வந்துரலாம்னு நினைக்கிறவங்களுக்கு இது இல்ல, அவங்க போனா ரெண்டு பேருக்கும் நேரம் வேஸ்ட்.

பார்டர் ஊருங்கிறதால கிளாஸ்ல பாதிப்பேரு நம்ம அண்ணா யுனிவர்சிட்டி, மீதி அந்தப்பக்கம் கேரளாவுல உள்ள அப்துல் கலாம் டெக்னலாஜிக்கல் யுனிவர்சிட்டி. இங்க ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்னு இருக்குறது அங்க மெக்கானிக்ஸ் ஆஃப் சாலிட்ஸ்னு இருக்கும், நான் படிச்சப்போ இங்க 2 மார்க்கும் 13 மார்க்கும்னா அங்க 3 மார்க்கும் 14 மார்க்கும், உள்ள இருக்குற சரக்கு ஒண்ணுதான். சார் தமிழ்ல ஆரம்பிச்சு மலையாளத்துல முடிப்பாரு, நடுவுல எல்லாருக்கும் சேத்து ஒரு "மனசிலாச்சா மக்களே", யாராவது தலையை மட்டும் ஆட்டுனா விடமாட்டாரு, எந்திரிச்சு போர்டுல வந்து சொல்ல வைப்பாரு. கூச்சம் உள்ளவங்களுக்கு முதல்ல கஷ்டமாத்தான் இருக்கும், பழகிரும்.

முதல் கிளாஸ்ல போர்டையே தொடல. மேஜை மேல கம்பித் துண்டுங்க, 8 மில்லி, 12 மில்லி, 16 மில்லி, பக்கத்துல ஒரு அலுமினிய ராடு, ஒரு சாக்பீஸ் டப்பா, நீளமா வெட்டுன ஒரு ரப்பர் ஷீட்டு. 12 மில்லி கம்பியை கையில குடுத்து இது எவ்ளோ வெயிட்டு தாங்கும்னு கேட்டாரு. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னோம், ஒருத்தன் 500 கிலோன்னான். கம்பி மேலயே எஃப்இ 500னு உருட்டி எழுதியிருக்கு பாருங்க, அந்த 500 என்னது? சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன், அதுதான் யீல்டு ஸ்ட்ரெஸ், அது வரைக்கும் இழுத்துட்டு விட்டா கம்பி பழைய நீளத்துக்கு திரும்பும்னு எடுத்துக்கலாம். (யீல்டு பாயின்ட் தெளிவா தெரியாத கம்பிக்கு 0.2 சதவீத ப்ரூஃப் ஸ்ட்ரெஸ்னு, அதாவது விட்ட பிறகும் 0.2 சதவீத நீட்சி நிக்குற ஸ்ட்ரெஸ்னு எடுப்பாங்க, அதையும் பின்னாடி யுடிஎம்ங்கிற இழுத்து சோதிக்கிற மெஷினோட கிராஃப் வச்சு சொல்லிக்குடுத்தாரு.) 12 மில்லி கம்பியோட குறுக்கு வெட்டுப் பரப்பு 113 சதுர மில்லி, 500ஆல பெருக்குனா 56,500 நியூட்டன், அதாவது அஞ்சரை டன்னுக்கு மேல. விரல் தடிமன் கம்பி! அந்த நிமிஷம் லோடு வேற ஸ்ட்ரெஸ் வேறங்கிறது மண்டைக்குள்ள ஏறிடுச்சு, லோடு கம்பிக்கு வெளிய இருந்து வருது, ஸ்ட்ரெஸ்ங்கிறது அந்த லோடை கம்பியோட ஒவ்வொரு சதுர மில்லியும் எவ்ளோ சுமக்குதுங்கிறது. காலேஜ்ல இதே விஷயம் "ஸ்ட்ரெஸ் ஈக்குவல் டு பி பை ஏ"ன்னு ஒரு வரியில முடிஞ்சுபோச்சு.

அடுத்தது தான் இந்த கிளாஸுக்கே உயிர்னு நான் சொல்லுவேன். ஒரு கையில எஃப்இ 415 கம்பி, இன்னொரு கையில எஃப்இ 500 கம்பி, ரெண்டும் ஒரே சைஸு. எது ஸ்ட்ராங்குன்னு கேட்டாரு, 500ன்னோம், சரி. எது கம்மியா நீளும்னு கேட்டாரு, அதுக்கும் 500ன்னு கிளாஸே சேந்து கத்துச்சு. இல்லவே இல்ல. ரெண்டும் ஸ்டீல், ரெண்டுக்கும் யங்ஸ் மாடுலஸ் (நீளாம எவ்ளோ விறைப்பா நிக்கும்ங்கிற எண்) கிட்டத்தட்ட 2 லட்சம் நியூட்டன் பர் ஸ்கொயர் மில்லிதான், அதனால சதுர மில்லிக்கு 200 நியூட்டன் ஸ்ட்ரெஸ்ல ரெண்டுமே ஒரு மீட்டருக்கு 1 மில்லிதான் நீளும், கிரேடு எதுவானாலும். அலுமினியத்துக்கு மாடுலஸ் சுமார் 70,000, அதே ஸ்ட்ரெஸ்ல அது கிட்டத்தட்ட 3 மில்லி நீளும். ஸ்ட்ரென்த்ங்கிறது எப்போ விட்டுக்குடுக்கும்ங்கிற கணக்கு, ஸ்டிஃப்னஸ்ங்கிறது அதுக்கு முன்னாடி எவ்ளோ அசையும்ங்கிற கணக்கு. ஒரு ஸ்டீல் பீம் ரொம்ப தொங்குதுன்னா உசந்த கிரேடு ஸ்டீல் போட்டு ஒரு பிரயோசனமும் இல்ல, ஆழத்தைக் கூட்டணும். இதை ஃபைனல் இயர் முடிச்சவங்க கிட்ட கேட்டுப் பாருங்க, நிறைய பேரு யோசிப்பாங்க. சார் இந்த ஒரு விஷயத்தை விட்டு நகரவே இல்ல, வேற வேற மாதிரி கேட்டுக்கிட்டே இருந்தாரு, பின்னால உக்காந்திருந்த சில பேருக்கு சிலபஸ் ஓடலையேன்னு பொறுமை போச்சு. எனக்கு அந்த நேரம் தான் எல்லாத்தையும் விட முக்கியமா பட்டுச்சு, இப்போ டிசைன் பேப்பர் படிக்கும்போது இன்னும் நல்லா தெரியுது.

எஃப்இ 500க்கும் எஃப்இ 500டிக்கும் என்ன வித்தியாசம்னு கடையில கேட்டா "டி நல்லது சார்"னு சொல்லுவாங்க. டி டக்டிலிட்டிக்கு, அதாவது அறாம நீளுற குணத்துக்கு. கம்பிக்கான நம்ம இந்திய ஸ்டாண்டர்டு ஐஎஸ் 1786 படி அறுபடுறதுக்கு முன்னாடி 500 கம்பி குறைஞ்சது 12 சதவீதம் நீளணும், 500டி 16 சதவீதம். யீல்டு ரெண்டுக்கும் அதே 500தான், ஆனா நில அதிர்ச்சி மாதிரி ஏதாவது வந்தா நீளுற கம்பி முன்கூட்டியே காட்டிக்குடுக்கும், நீளாத கம்பி சொல்லாம கொள்ளாம போயிரும். ஸ்ட்ரெஸ் ஸ்ட்ரெய்ன் (நீண்ட அளவை பழைய நீளத்தால வகுத்தது) கிராஃபோட வால் பகுதி எதுக்குன்னு எனக்கு அங்கதான் பிடிபட்டுச்சு.

ரப்பர் நம்ம ஏரியாவுக்கு சொல்லணுமா, குலசேகரம் பக்கம் போனா எங்க பாத்தாலும் ரப்பர் தோட்டம், சாருக்க வீட்டுப் பின்னாலயும் நாலு மரம் நிக்கி. ஷீட்டு துண்டை இழுத்தா நீளுது, அகலமும் தடிமனும் குறையுது, குறுக்க குறையுற ஸ்ட்ரெய்னுக்கும் நீளவாக்குல நீளுற ஸ்ட்ரெய்னுக்கும் உள்ள விகிதம் தான் பாய்ஸான்ஸ் ரேஷியோ. ரப்பருக்கு அது கிட்டத்தட்ட 0.5, அப்படின்னா இழுக்கும்போது கன அளவே மாறல, ஸ்டீலுக்கு 0.3 பக்கம், கார்க்குக்கு ஏறக்குறைய பூஜ்யம், அதனாலதான் கார்க்கை பாட்டில் வாய்ல அமுக்குனா பக்கவாட்டுல பிதுங்காம உள்ள போகுது. 2 மார்க் கேள்விக்கு இது போதும், ஆனா சார் அதோட விடாம ரப்பர் நிறைய நீளும்போது ஹூக்ஸ் லா ஏன் நிக்காதுன்னும் இழுத்துக் காட்டுனாரு. ஹூக் 1678ல சொன்னது நீளத்துக்கும் விசைக்கும் நேர் விகிதம்னு, ரப்பரை பாதி வரைக்கும் இழுத்துட்டு மேல இழுக்கும்போது நம்ம கைக்கே தெரியும், அது நேர்கோடு இல்ல.

பெண்டிங் (வளைவு) சாப்டருக்கு வருவோம், எல்லாருக்கும் பயம் இருக்குற இடம். பெரிய அழிரப்பர் ஒண்ணுல பக்கவாட்டுல பேனாவால கட்டம் போட்டு வளைச்சுக் காட்டுவாரு, மேல உள்ள கட்டம் அகலமாகும், கீழ உள்ளது நெருங்கும், நடுவுல ஒரு கோடு மட்டும் நீளம் மாறாம நிக்கும், அதுதான் நியூட்ரல் ஆக்சிஸ். குத்துக்கோடுங்க சாயுதே தவிர வளையல, அதையும் கவனிக்கச் சொல்லுவாரு, ஏன்னா பெண்டிங் ஃபார்முலா மொத்தமும் அந்த ஒரு அனுமானம் மேலதான் நிக்குது. கலிலியோ 1638லயே சுவத்துல சொருகுன கட்டை எப்போ ஒடியும்னு கணக்கு போட்டிருக்காரு, ஆனா அவரு கட்டை கீழ் விளிம்புல திரும்புதுன்னும் வெட்டு முழுக்க ஒரே மாதிரி இழுவிசைன்னும் எடுத்துக்கிட்டதால நம்ம ஃபார்முலாவை விட மூணு மடங்கு கூட வரும். அவ்ளோ பெரிய ஆளுக்கே நியூட்ரல் ஆக்சிஸ் தட்டுப்படலன்னா நமக்கு ரெண்டு கிளாஸ் கூட ஆனா என்னன்னு சார் சொன்னப்போ, பயந்து உக்காந்திருந்த பிள்ளைங்க முகமே மாறிடுச்சு.

அப்புறம் ஒரு சனிக்கிழமை எல்லாரையும் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு கூட்டிட்டுப் போனாரு. திருவட்டார் தாண்டி மூணு கிலோமீட்டர்தான், நாம எல்லாரும் சின்ன வயசுல டூர் போன இடம், மேல நின்னு ஃபோட்டோ எடுத்துட்டு வந்திருப்போம். 1966ல கட்டுனது, பறளியாத்துக்கு மேல ஒரு மலையில இருந்து இன்னொரு மலைக்கு கால்வாய் தண்ணியை கொண்டுபோறதுக்கு, 28 தூணு, உசந்த இடத்துல 115 அடி. தண்ணி போற தொட்டி 7 அடி உயரம் ஏழரை அடி அகலம். இப்போ கணக்கு போடுங்கன்னாரு, பாலத்து மேலயே உக்காந்து போட்டோம். குறுக்கு வெட்டு கிட்டத்தட்ட 4.9 சதுர மீட்டர், அப்போ தொட்டி தளும்ப நிறைஞ்சா ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 4.9 டன் தண்ணி, நியூட்டன்ல சொன்னா மீட்டருக்கு 48 கிலோநியூட்டன் பக்கம், காங்கிரீட்டோட சொந்த வெயிட்டு தனி. இதுதான்டா யூடிஎல், நீளம் முழுக்க சமமா பரவுன லோடு! புக்ல குட்டி குட்டி அம்புக்குறியா வரிசையா போட்டிருப்பாங்களே, அது என்னன்னு அன்னைக்கு காலுக்கு அடியில சலசலன்னு ஓடிட்டு இருந்துச்சு.

சும்மா ஒரு கணக்குக்கு ரெண்டு தாங்கிக்கு நடுவுல 10 மீட்டர்னு வச்சுக்கிட்டு ரெண்டு முனையும் சும்மா உக்காந்திருக்குற சிம்ப்ளி சப்போர்ட்டடு பீமா போட்டா நடுவுல டபிள்யூ எல் ஸ்கொயர் பை 8 (டபிள்யூ மீட்டருக்கு வர்ற லோடு, எல் நீளம்), தண்ணிக்கு மட்டும் 600 கிலோநியூட்டன் மீட்டர் மொமென்ட், அதாவது வளைக்கிற திருப்பம் வருது. அதையே 20 மீட்டராக்குனா மொமென்ட் 4 மடங்கு, டிஃப்லெக்ஷன் (தொங்குற அளவு) 16 மடங்கு, ஏன்னா அதுல எல் பவர் 4 இருக்கு. எதுக்கு இத்தனை தூணுன்னு அப்புறம் யாரும் கேக்கல. தொட்டியோட பக்கச்சுவர் 7 அடி ஆழத்துக்கு நிக்குறது தண்ணியை நிறுத்த மட்டும் இல்ல, வளையாம இருக்கவும் எவ்ளோ உதவும்னு யோசிக்கச் சொன்னாரு. வளையாம எவ்ளோ எதிர்க்கும்ங்கிற ஐ ஈக்குவல் டு பி டி கியூப் பை 12 (பி அகலம், டி ஆழம்), அந்த கியூப் தான் விஷயம். 50க்கு 150 மில்லி பலகையை படுக்க வச்சு மேல நிக்குறதுக்கும் குத்துக்க வச்சு நிக்குறதுக்கும் ஸ்டிஃப்னஸ் 9 மடங்கு வித்தியாசம், ஸ்ட்ரென்த் பாத்தா 3 மடங்கு. மறுபடியும் பாருங்க, ஸ்ட்ரென்த் ஒரு கணக்கு ஸ்டிஃப்னஸ் ஒரு கணக்கு, முதல் வாரம் அவரு ஏன் அங்கயே நின்னாருன்னு பாலத்து மேல நிக்கும்போதுதான் எல்லாருக்கும் விளங்குச்சு.

சைட்டுக்கும் கூட்டிட்டுப் போனாரு, பக்கத்துல ஒரு வீடு கட்டிட்டு இருந்தாங்க, கொத்தனாரு சாருக்கு தெரிஞ்சவரு. இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போறேன் ஏன்னா இது பரீட்சை விஷயம் இல்ல, உயிர் விஷயம். காங்கிரீட் அமுக்கத்தை நல்லா தாங்கும், எம்20 கிரேடுன்னா 150 மில்லி கியூப் 28 நாள்ல 450 கிலோநியூட்டன், 45 டன்னு பக்கம் தாங்கணும். ஆனா இழுவிசையில அது சுமாரா பத்துல ஒரு பங்குதான். அதனால எந்தப் பக்கம் இழுபடுதோ அந்தப் பக்கம் கம்பி வேணும். ரெண்டு சுவத்து மேல உக்காந்த பீம் கீழ்ப்பக்கம் இழுபடும், கம்பி கீழ. சன்ஷேடு, பால்கனி எல்லாம் ஒரு பக்கம் மட்டும் பிடிச்ச கேன்டிலீவர், மேல்பக்கம் இழுபடும், மெயின் கம்பி மேலதான் இருக்கணும். கட்டும்போது மேல கட்டிருவாங்க, ஆனா காங்கிரீட் போடும்போது ஆளுங்க மேல ஏறி நடந்து கம்பி அப்படியே அமுங்கிரும். 100 மில்லி ஸ்லாப்ல கீழ இருந்து 75 மில்லியில இருக்கவேண்டிய கம்பி 40க்கு இறங்கிடுச்சுன்னா தாங்குற மொமென்ட் கிட்டத்தட்ட பாதிதான். வெளியில இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, பூசி பெயின்ட் அடிச்சா அழகா இருக்கும், முட்டு பிரிக்கும்போதோ மேல யாராவது ஏறும்போதோதான் தெரியும். கம்பிக்கு அடியில சேருங்கிற வளைச்ச கம்பித் தாங்கி வச்சு தூக்கி நிறுத்தணும், காங்கிரீட் போட்டு முடியுற வரைக்கும் ஒருத்தர் அதையே பாத்துட்டு நிக்கணும். அந்த கொத்தனாரண்ணன் "இதைத்தான் நானும் பயலுவகிட்ட படிச்சு படிச்சு சொல்லுகேன்"னு சொன்னாரு, இருபது வருஷமா கையால செஞ்சு தெரிஞ்சுக்கிட்டது. பெண்டிங் மொமென்ட் டயகிராம்ல மேலயும் கீழயும் ஏன் மாத்தி மாத்தி வரையிறோம்னு இனி எனக்கு மறக்கவே மறக்காது.

இனி குறைங்க. டார்ஷன் (முறுக்கு), ஸ்பிரிங், தின் சிலிண்டர் மூணையும் கடைசியில ஓட்டு ஓட்டுன்னு ஓட்டிட்டாரு. டார்ஷன் ஆரம்பம் அருமை, சாக்பீஸை ரெண்டு கையாலயும் முறுக்கச் சொன்னாரு, அது 45 டிகிரியில சுருள் மாதிரி ஒடியும், ஏன்னா சாக்பீஸ் இழுவிசைக்கு வீக்கு, முறுக்கும்போது பெரிய இழுவிசை அந்தச் சாய்வுலதான் வருது. மைல்டு ஸ்டீல் ராடு ஷியருக்கு (வழுக்கி வெட்டுற விசைக்கு) வீக்கு அதனால அது முறுகி கடைசியில குறுக்க தட்டையா அறும். இதுலயே பிரின்சிபல் ஸ்ட்ரெஸ் (எந்தச் சாய்வுல இழுவிசை உச்சம்ங்கிறது) பாதி புரிஞ்சிடுச்சு. ஆனா அப்படி ஆரம்பிச்ச சாப்டருல கணக்கு ரொம்ப கம்மியாத்தான் போட்டோம், ஸ்பிரிங் கணக்கெல்லாம் நானே புக்கைப் பாத்துப் போட்டேன். மெக்கானிக்கல் பிள்ளைங்களுக்கு ஷாஃப்டும் ஸ்பிரிங்கும்தான் பின்னால டிசைன்ல வரும், அவங்களுக்கு இது பெரிய குறை. அந்த ஸ்ட்ரெஸ்ஸை வட்டம் வரைஞ்சு கண்டுபிடிக்கிற மோர்ஸ் சர்க்கிளும் இன்னும் ஒரு கிளாஸ் எடுத்திருக்கலாம். காலம் (தூண்) சாப்டர் பரவால்ல, பிளாஸ்டிக் ஸ்கேலை நிறுத்தி அமுக்கி அது பக்கவாட்டுல வளையுற பக்கிளிங் காட்டிட்டு, பாதி நீளத்துல பிடிச்சா 4 மடங்கு லோடு வேணும்னு ஆய்லர் ஃபார்முலாவுக்கு வந்தாரு, வேகமா போனாலும் நின்னுடுச்சு.

பிரிண்டட் நோட்ஸ் கெடயாது, கேட்டாலும் குடுக்கமாட்டாரு, ஒரு நாள் லீவு போட்டா பக்கத்துல உள்ளவங்க நோட்டுதான் கதி. பழைய கொஸ்டின் பேப்பர் கடைசி ரெண்டு வாரம் மட்டும்தான். எஸ்எஃப்டி பிஎம்டிக்கு (ஷியர் ஃபோர்ஸ், பெண்டிங் மொமென்ட் டயகிராம்) மட்டும் பஞ்சமே இல்லாம கணக்கு போடுவோம், ஷியர் பூஜ்யமாகுற இடத்துல மொமென்ட் உச்சத்துக்குப் போகும், ஷியர் டயகிராமோட ஏரியாவைக் கூட்டிக்கிட்டே வந்தா மொமென்ட் வந்துரும், இதை வச்சு படம் வரைஞ்சதுக்கு அப்புறம் சரிபாக்குறது பழக்கமாவே ஆகிடும், பரீட்சையில அது நிறைய காப்பாத்தும். ஆளு கூடிட்டதால பின் பெஞ்சுல போர்டு சரியா தெரியாது, சீக்கிரம் போய் முன்னாடி உக்காருங்க. மத்தியானம் மாடியில ஷீட்டு கூரை, ஃபேன் இருந்தும் வெக்கைதான்.

யூடியூப்லயும் என்பிடெல்ங்கிற ஆன்லைன் கோர்ஸ் தளத்துலயும் ஃப்ரீயா இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, என்பிடெல்ல ஐஐடி சாருங்க எடுத்த முழு கோர்ஸே இருக்கு, டெரிவேஷனுக்கு (ஃபார்முலா எப்படி வருதுன்னு பாக்குறதுக்கு) நான் அதையும் பாத்தேன், ரொம்ப ஒழுங்கா போகும். ஆனா நமக்கு ஒரு இடத்துல சிக்கிடுச்சுன்னா வீடியோ நின்னு திரும்பக் கேக்காது. டெரிவேஷன் நல்லா வந்துரும், கணக்கு மட்டும்தான் பிரச்சனைன்னா என்பிடெல் போதும், டியூஷன் வேண்டாம். எதுக்கு இந்த ஃபார்முலான்னே தெரியாம மனப்பாடம் பண்ணிட்டு இருக்குறவங்க கட்டாயம் இங்க போங்க. அரியர் கிளியர் பண்ண வர்றவங்க செமஸ்டர் ஆரம்பத்துலயே வந்துருங்க, நடுவுல வந்தா சேத்துக்க மாட்டாரு.

ஃபீஸ் நான் படிச்சப்போ மொத்த செமஸ்டருக்கும் 3000 ரூபா, ரெண்டு தவணையா குடுக்கலாம், முடியாதவங்க தனியா போய்ச் சொன்னா குறைச்சுக்குவாரு, அதை மத்தவங்களுக்கு தெரியவும் விடமாட்டாரு. கிளாஸ் சனிக்கிழமை மத்தியானமும் ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு பதினோரு மணிக்கும். களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுல இறங்குனா நடக்குற தூரம்தான், பாறசாலை பிள்ளைங்களுக்கும் அதே ஸ்டாண்டுதான் வசதி. கால்குலேட்டர், அன்ரூல்டு நோட்டு, ஒரு நல்ல ஸ்கேல் எடுத்துட்டுப் போங்க, டயகிராம் கையால கிறுக்குனா திரும்ப வரையச் சொல்லுவாரு. அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன், சிவில் பிள்ளைங்கன்னா நாலரை, மெக்கானிக்கல்னா டார்ஷனுக்கும் ஸ்பிரிங்குக்கும் தனியா ஒரு வழி பாத்துக்கிட்டு போங்க.